லங்காஸ்டரில் ஏழு பேர்: 30 பறப்புகளும் இடைப்பட்ட பகல்களும்

பழைய வரைபடம் (கோயம்புத்தூர்)

இரண்டாம் உலகப் போரைப் பற்றி இங்கே டாங்கி, நீர்மூழ்கி, ஸ்டாலின்கிராட் என்று பேசாத பொருள் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டைப் பற்றி மட்டும் யாரும் தனி இழை தொடங்கவில்லை. எப்போதாவது பேச்சு எழுந்தாலும் குண்டுவீச்சில் எரிந்த ஜெர்மன் நகரமான டிரெஸ்டனுக்கு நேராகப் போய்விடுகிறது. அதன் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்குள் உட்கார்ந்திருந்த ஏழு பேரைப் பற்றிப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

முதலில் கணக்கு. சுமார் 1,25,000 பேர் அந்தப் படையில் பறந்தார்கள். 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44. காயம்பட்டவர்களும் சிறைபிடிக்கப்பட்டவர்களும் இதில் சேரவில்லை. அத்தனை பேரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். சராசரி வயது 22.

1943-44இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள ஒரு தளத்தில் ஒரு நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். அன்றிரவு பறப்பு உண்டு என்று தெரிந்தவுடன் தளத்தின் தொலைபேசி வெளியுலகத்தோடு துண்டிக்கப்படும். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தரைப் பணியாளர்கள் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுகிறார்கள் என்று பார்த்தே பையன்கள் ஊகித்துவிடுவார்கள். தொட்டி நிறைய என்றால் பெர்லினாக இருக்கலாம். பாதிதான் என்றால் ஜெர்மனியின் மேற்கே உள்ள தொழிற்பகுதியான ரூர் பள்ளத்தாக்கு. மாலையில் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துச் சுவர் வரைபடத்தின் திரையை விலக்குவார்கள். சிவப்பு நாடா எந்த ஊர்வரை நீள்கிறதோ அதுதான் இலக்கு. நாடா பெர்லின்வரை போயிருந்தால் கூடத்தில் ஒரு முனகல் எழும்.

அதன்பின் முட்டையும் பன்றி இறைச்சியும் கிடைக்கும். ரேஷன் காலத்தில் வெளியே ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தாலே பெரிது. "நீ திரும்பி வராவிட்டால் உன் முட்டையை நான் எடுத்துக்கொள்ளவா?" என்பது அந்த மேசைகளின் வழக்கமான கேலி. சட்டைப் பையில் இருக்கும் கடிதம், டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். பிடிபட்டால் எதிரிக்கு ஒன்றும் தெரியக்கூடாது. பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடமும் அயல்நாட்டுப் பணமும் தருவார்கள். ஏறுவதற்கு முன் வால் சக்கரத்தின் மீது சிறுநீர் கழிக்கும் பழக்கம் பல குழுக்களுக்கு இருந்தது. சிரிக்க வேண்டாம். அதைச் செய்யாமல் ஏற மறுத்தவர்கள் உண்டு.

விமானி, என்ஜின்களைக் கவனிக்கும் ஃப்ளைட் எஞ்சினியர், வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் இயக்குபவர் ஆகிய ஐவரும் முன்பாதியில் ஒருவருக்கொருவர் எட்டும் தொலைவில் இருப்பார்கள். முதுகுப்புறக் கூண்டில் ஒரு துப்பாக்கி வீரர். வால் நுனியில் இன்னொருவர். அவர்தான் இந்த இழைக்குக் காரணம். நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளோடு ஒரு கண்ணாடிக் கூண்டில், ஏழெட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். மின்சாரத்தால் சூடேறும் உடை இருந்தும் மைனஸ் 40 டிகிரியில் ஆக்சிஜன் முகமூடியின் ஈரம் உறைந்துபோகும். இத்தனை குளிரில் பலர் கூண்டின் முன்பக்கக் கண்ணாடியை வெட்டி எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கீறலோ எண்ணெய்த் துளியோ இருளில் எதிரி விமானம்போலத் தெரியும். கண்ணாடியே வேண்டாம், குளிரைத் தாங்கிக்கொள்கிறேன் என்றார்கள். மற்ற அறுவரும் போகிற இடத்தைப் பார்க்க, இவர் விட்டுவந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஜெர்மனிக்குள் பின்னோக்கிப் போவார்.

இலக்கின் மீது வந்ததும் குண்டு வீசுபவர் குப்புறப் படுத்தபடி விமானத்தைச் செலுத்தச் சொல்வார். சில நிமிடங்கள் நேராக, ஒரே உயரத்தில் பறக்க வேண்டும். குண்டு போனபிறகும் திரும்ப முடியாது. குண்டுகள் எங்கே விழுந்தன என்று கேமரா படம் எடுக்க அரை நிமிடம் போல அதே நேர்கோட்டில் காத்திருக்க வேண்டும். பல வீரர்கள் பிற்காலத்தில் தந்த நேர்காணல்களில் எதை மறந்தாலும் அந்த அரை நிமிடத்தை மறக்கவில்லை.

விடியலில் இறங்கினால் ரம் கலந்த தேநீர், உளவு அதிகாரியின் கேள்விகள், படுக்கை. பக்கத்துக் கட்டில்கள் காலியாக இருந்தால் காலையில் ஓர் அதிகாரி வந்து அவர்களின் பொருள்களைப் பிரித்துக் கட்டுவார். வீட்டுக்குப் போகக்கூடாத கடிதங்கள் இருந்தால் அகற்றிவிடுவார்கள். மாலைக்குள் அந்தக் கட்டிலுக்குப் புதிய பையன் வந்துவிடுவான். அன்று பறப்பு இல்லை என்றால் எல்லோரும் சைக்கிளில் லிங்கன் நகரத்துக்குப் போய் நடனமாடுவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அகழியில் கிடக்கும் காலாள் வீரன் சில வாரங்கள் போருக்குள்ளேயே வாழ்கிறான். மனம் அதற்கேற்பத் தடித்துப்போகிறது. இவர்களோ ஒரே நாளில் வெள்ளை விரிப்புள்ள படுக்கைக்கும் எஸ்ஸன் நகரப் பீரங்கிகளுக்கும் இடையே போய்வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அமைதியான வாழ்க்கையிலிருந்து தன்னைத் தானே பிய்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இதை 30 முறை செய்ய வேண்டும். பீரங்கியைவிட இந்தப் போக்குவரத்துதான் அவர்களைத் தேய்த்தது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மாலைத்தென்றல் (திருச்சி)

அருமையான தொடக்கம் ஐயா. 30 என்று யார் முடிவு செய்தார்கள்? அமெரிக்கர்களுக்கு 25 என்று படித்த நினைவு. 30 முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

பழைய வரைபடம்

வீட்டுக்கு இல்லை அம்மா. 30 பறப்பு ஒரு சுற்று. அது முடிந்தால் ஆறு மாதம்போலப் பயிற்சித் தளத்தில் ஆசிரியர் வேலை. அதன்பிறகு 20 பறப்புகள் கொண்ட இரண்டாவது சுற்றுக்கு அழைக்கலாம். அமெரிக்க எட்டாவது வான்படையில் முதலில் 25தான். 1944இல் அதை 30 ஆகவும் பிறகு 35 ஆகவும் கூட்டினார்கள். 23, 24 என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

பயிற்சித் தளமும் ஓய்விடம் இல்லை. போரில் தேய்ந்த பழைய விமானங்களை அங்கேதான் தள்ளினார்கள். பாம்பர் கமாண்டில் 5,000க்கும் மேற்பட்டோர் எதிரியைப் பார்க்காமலே பயிற்சி விபத்துகளில் இறந்தார்கள்.

டர்பைன் (பெங்களூரு)

வரைபடம் ஐயாவின் உளவியலுக்குள் போக எனக்குத் தகுதி இல்லை. நான் எண்களோடு நிற்கிறேன்.

ஒவ்வொரு பறப்பிலும் நூற்றுக்கு 4 விமானங்கள் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய எண்ணாகத்தான் தெரியும். 0.96ஐ 30 முறை பெருக்கினால் 0.29. அதாவது நூற்றுக்கு 29 பேர்தான் சுற்றை முடிப்பார்கள். இழப்பு 5 ஆனால் 21 பேர். ஒரு விழுக்காடு கூடினால் இவ்வளவு வேறுபாடு. 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்குக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. ஏறத்தாழ 12 விழுக்காடு. நிலா வெளிச்சம், நீண்ட நேர்கோட்டுப் பாதை, வழக்கத்தைவிடத் தாழ்வான உயரத்திலேயே விமானங்களின் பின்னால் உருவான வெண்ணிற ஆவிக்கோடு. இரவு வேட்டை விமானங்களுக்கு அந்தக் கோடுகளே வழிகாட்டின.

இதில் பறந்த பையன்களில் பள்ளிக் கணக்கு தெரிந்தவர்கள் ஏராளம். நேவிகேட்டர்களுக்கு அதுதானே தொழில்? அவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

இன்னொரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன் அப்போது இருபது வயதில் பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு குதித்தார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். பகலில் விழுந்த அமெரிக்க விமானங்களில் பாதிப் பேர் தப்பினார்கள். பழைய ஹாலிஃபாக்ஸ், ஸ்டெர்லிங் விமானங்களில் நூற்றுக்கு 25. மிகச் சிறந்த விமானம் என்று எல்லோரும் கொண்டாடும் லங்காஸ்டரில் 15 மட்டுமே. காரணங்களில் ஒன்று, கீழே குதிக்கும் கதவின் அகலம். ஹாலிஃபாக்ஸில் 24 அங்குலம், லங்காஸ்டரில் 22. தடித்த உடையும் பாராசூட்டும் அணிந்தவன், சுழன்று விழும் விமானத்தில், இருட்டில், அந்த ஓட்டை வழியே வெளியேற வேண்டும். கதவைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டார்கள். போர் முடியும்வரை இழுத்தடித்தார்கள்.

துப்பாக்கிக் கூண்டுகளையே கழற்றிவிட்டால் விமானம் மணிக்கு 50 மைல் கூடுதல் வேகத்தில் போகும், விழுந்தாலும் இரண்டு பேர் குறைவாகச் சாவார்கள் என்பதும் அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஜெர்மானியர்கள் 1943இல் மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளை வேட்டை விமானங்களில் பொருத்திவிட்டார்கள். லங்காஸ்டரின் வயிற்றுக்கு நேர் கீழே வந்து நிதானமாகச் சுடுவார்கள். கீழே பார்க்கக் கூண்டே கிடையாது. வால் துப்பாக்கி வீரர் யாரைப் பார்த்துச் சுடுவது? சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிவந்து சொல்லவில்லை என்பதால் பல மாதம் இந்த உத்தியே பிரிட்டனுக்குத் தெரியவில்லை.

வேலணைக்காற்று (லண்டன்)

டர்பைன் அண்ணா, கூண்டைக் கழற்றச் சொன்னது காகிதத்தில் சரி. ஆனால் வால் துப்பாக்கி வீரரின் பெரிய வேலை சுடுவது அல்லவே. கண் விழித்துப் பார்ப்பது. எதிரி தெரிந்ததும் "கோர்க்ஸ்குரூ, இடப்பக்கம்!" என்று கத்துவார். அடுத்த நொடியில் விமானி முப்பது தொன் எடையுள்ள விமானத்தைத் திருகாணிபோலக் கீழே சுழற்றி இறக்கி, மறுபக்கம் மேலே ஏற்றுவார். பல குழுக்கள் உயிர் தப்பியது இதனால்தான். ஒரு சுற்று முழுக்க ஒரு தோட்டாவும் சுடாமல் முடித்த துப்பாக்கி வீரர்கள் உண்டு. சுட்டால் தீப்பொறி நம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று சுடாமலே நழுவுவதை விரும்பினார்கள். பின்னால் இரண்டு கண்கள் இருக்கின்றன என்ற எண்ணமே மற்ற அறுவருக்கும் தெம்பு. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

லிங்கன் நகரில் 2018இல் திறந்த பாம்பர் கமாண்ட் நினைவிடத்துக்கு நான் போயிருக்கிறேன். நடுவில் உள்ள இரும்புக் கோபுரத்தின் உயரம் லங்காஸ்டரின் சிறகு நீளத்துக்குச் சமன்: 31 மீற்றர். சுற்றிலும் சுவர்களில் சுமார் 58,000 பெயர்கள். பெயர்களுக்கு முன்னால் பதவி போடவில்லை. ஸ்குவாட்ரன் தலைவரும் பத்தொன்பது வயது சார்ஜண்டும் அடுத்தடுத்து இருக்கிறார்கள்.

எங்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஹாலிஃபாக்ஸ் விமானங்களோடு யோர்க்ஷயரின் பொக்லிங்டன் தளத்திலிருந்து பறந்த 102ஆம் அணியின் பெயர் 102 (சிலோன்) ஸ்குவாட்ரன். இலங்கையிலிருந்து போர் நிதியாகத் திரட்டிய காசுக்காக வைத்த பெயர். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் கச்சேரி (அரசு அலுவலக) ஊழியரிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் உண்டியல் குலுக்கியிருப்பார்கள். கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த ஊரின் மேல் குண்டாக விழும் என்று தெரிந்திருக்கும்?

கிள்ளான் மணி (மலேசியா)

97ஆம் அணிக்கும் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று எங்கள் பக்கத்துப் பழைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் பெயர்தான். 1942 ஏப்ரல் 17ஆம் தேதி பட்டப்பகலில் ஜெர்மனியின் அவுக்ஸ்பெர்க் நகர என்ஜின் தொழிற்சாலையைத் தாக்கப் போன இரண்டு அணிகளில் அதுவும் ஒன்று. 12 லங்காஸ்டர்கள் போயின, 7 திரும்பவில்லை. எங்கள் பக்கத்துக் கதை வேறொன்று இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

நெய்தல் (நாகப்பட்டினம்)

முட்டை, ரம், நடனம், சைக்கிள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழே இருந்தவர்கள் எப்போது வருவார்கள் என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

1943 ஜூலை கடைசி வாரம். ஹாம்பர்க். ரேடாரைக் குருடாக்க மெல்லிய அலுமினியத் தாள் பட்டைகளை அள்ளி வீசினார்கள். முதல் இரவில் 791 விமானங்கள் போய் 12 மட்டுமே விழுந்தன. உங்கள் வீரர்களுக்கு அது நல்ல இரவு. மூன்று இரவுகள் கழித்து மறுபடி வந்தபோது வறண்ட கோடைக் காற்றில் தொழிலாளர் குடியிருப்புகள் பற்றிக்கொண்டு ஒரே நெருப்புச் சூறாவளியாயின. நிலவறைகளில் பதுங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தத் தாக்குதல் தொடரில் இறந்தவர்கள் 34,000 முதல் 40,000 வரை. பாம்பர் கமாண்ட் போர் முழுவதும் இழந்த ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு நகரத்தில், ஒரு வாரத்தில். அவர்களில் கிழவிகளும் குழந்தைகளும் யாரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் அல்லர்.

விமானத்துக்குள் நடுங்கியவனின் நடுக்கத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதும்போது அவன் கை எந்தப் பொத்தானில் இருந்தது என்பதும் அதே நுணுக்கத்தோடு வர வேண்டும்.

பழைய வரைபடம்

வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1941இல் அரசாங்கமே விமானங்கள் எடுத்த படங்களை ஆராய்ந்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் ஐந்து மைல் சுற்றளவுக்குள் குண்டு போட்டிருந்தது. இரவில் தொழிற்சாலையைக் குறிவைக்க இயலாது என்று தெரிந்ததும், நகரத்தையே குறியாக்கும் கட்டளை 1942 பிப்ரவரியில் வந்தது. அதே மாதம் ஆர்தர் ஹாரிஸ் பாம்பர் கமாண்டின் தலைமை ஏற்றார். பையன்கள் கைக்கு வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது.

20,000 அடியிலிருந்து அவர்களுக்குத் தெரிந்தது நிறங்கள். சிவப்பு, பச்சை அடையாள வெளிச்சங்கள், தேடுவிளக்குகள், வெடிப்புகள். ஹாம்பர்க் அன்று வழக்கத்துக்கு மாறானது என்று அப்போதே உணர்ந்தவர்கள் உண்டு; புகை தங்கள் உயரம்வரை எழுந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். முதியவர்களான பிறகு சிலர் "அவர்கள் தொடங்கினார்கள், லண்டனையும் கவெண்ட்ரியையும் பார்த்தவன் நான்" என்றார்கள். சிலர் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. ஒரே குழுவில் பறந்த இருவர் இந்த இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள்.

நெய்தல்

கட்டளை மேலிருந்து வந்தது என்பது எல்லாப் போர்களிலும் எல்லாத் தரப்பும் சொல்வது. இருந்தாலும் வால் கூண்டுக்காரனை நினைத்தால் எனக்கும் ஒன்று தோன்றுகிறது. குண்டு விழுந்தபின் எரிவதைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டியவன் அந்த ஏழு பேரில் அவன் ஒருவன்தான். முன்னால் இருந்தவர்களுக்கு இருட்டு. இவனுக்கு நூறு மைல் தாண்டியும் அந்த வெளிச்சம்.

கோட்டைவாசல் (வேலூர்)

உணர்ச்சிவசப்பட வேண்டாம். போர் என்றால் போர். பறக்க மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று யாரும் பேசவில்லையே? அவர்கள் கோப்பில் "மனவுறுதிக் குறைவு" என்று முத்திரை குத்தி, பறப்புச் சின்னத்தைப் பிடுங்கி, பதவியைப் பறித்துக் கீழ்வேலைக்கு அனுப்பினார்கள். இன்றைக்குக் கொடுமை என்று சொல்வது எளிது. ஒருவன் விலகுவதைச் சும்மா விட்டால் மறுநாள் பத்துப் பேர் விலகுவார்கள். படை கலைந்துவிடும். அந்த முத்திரை விழுந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதே அந்த முறை வேலை செய்தது என்பதற்குச் சான்று.

ஹேங்கர் நிழல் (தாம்பரம்)

நான் விமானப்படையில் தரைப் பணியில் ஓய்வுபெற்றவன். பறந்தவன் அல்லன், விமானத்தை ஒப்படைத்துக் காத்திருந்தவன். கோட்டைவாசல் தம்பிக்குப் பதில் சொல்லவே உள்ளே வந்தேன்.

முத்திரை விழுந்தவர்கள் குறைவு என்பதற்கு அந்த அவமானத்தின் பயம்தான் காரணம் என்கிறீர்கள். பயம் ஒரு காரணம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் குழுக்கள் எப்படி உருவாயின தெரியுமா? பயிற்சி முடிந்ததும் சம எண்ணிக்கையில் விமானிகள், நேவிகேட்டர்கள், துப்பாக்கி வீரர்கள் எல்லோரையும் ஒரு பெரிய ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) விட்டு, "நீங்களே பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பட்டியல் இல்லை, அதிகாரி இல்லை. முன்பின் தெரியாதவனிடம் போய் "உனக்கு நேவிகேட்டர் இருக்கிறானா?" என்று கேட்க வேண்டும். முகம் பிடித்தால் சேரலாம். எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பச் சொல்லும் படையில் இதை மட்டும் பையன்களிடம் விட்டார்கள். கெட்டிக்காரத்தனம் என்று சொல்வேன், கொஞ்சம் கசப்போடு. அதிகாரி போட்ட குழுவை ஒருவன் கைவிடலாம். தானே தேர்ந்தெடுத்த ஆறு பேரைக் கைவிடுவது கடினம்.

ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் இடத்தில் வேறொருவன் போவான். அந்த விமானம் திரும்பாவிட்டால்? உடம்பு நலமாகி எழுந்தவன் அதன்பின் எப்படிப் பறப்பான்? முத்திரை விழுந்தவர்களில் 20, 25 பறப்புகளை முடித்தவர்களும் இருந்தார்கள். இத்தனை முறை போய்வந்தவனுக்கு உறுதி குறைவு என்று எழுத எந்த மேசைக்காரனுக்குத் தகுதி? தைரியம் தீர்ந்துபோகும் பொருள். அதைப் புரிந்துகொண்ட நல்ல தளபதிகளும் மருத்துவர்களும் முத்திரை குத்தாமல் நோய் என்று எழுதி அமைதியாக வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அந்த அணிகள் கலைந்துவிடவில்லை.

கோட்டைவாசல்

ஐயா, அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் எல்லாத் தளத்திலும் நல்ல மருத்துவர் இருந்தார் என்று நம்பி ஒரு படையை நடத்த முடியாது. விதி வேண்டும் என்பது என் நிலை. முத்திரையின் பெயரும் முறையும் கேவலமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலணைக்காற்று

ஹேங்கர் ஐயா சொன்னதற்கு நார்மன் ஜாக்சனைவிடப் பொருத்தமான சான்று இல்லை. 106ஆம் அணியின் ஃப்ளைட் எஞ்சினியர். இடையில் ஒருமுறை வேறு குழுவோடு பறந்ததால் தன் நண்பர்களைவிட ஒரு பறப்பு முன்பாகவே 30ஐ முடித்துவிட்டார். மேலும் பறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மகன் பிறந்த செய்தியும் வந்திருந்தது. ஆனாலும் "என் குழு முடிக்கும்வரை நானும் வருகிறேன்" என்று 1944 ஏப்ரல் 26 இரவு ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட்டுக்குப் போனார்.

வேட்டை விமானம் சுட்டுச் சிறகு தீப்பற்றியது. ஜாக்சன் தீயணைப்பானைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மேற்கூரை வழியாக வெளியேறிச் சிறகை நோக்கித் தவழ்ந்தார். 20,000 அடி உயரம், மணிக்கு 200 மைல் வேகக் காற்று. பாராசூட் பாதி அவிழ்ந்துவிட, உள்ளே இருந்தவர்கள் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டார்கள். தீயணைப்பான் காற்றில் போனது, தீ அவரையும் பிடித்தது, எரிந்துகொண்டிருந்த பாராசூட்டோடு கீழே விழுந்தார். கணுக்கால்கள் உடைந்தும் கைகள் வெந்தும் உயிர் பிழைத்துச் சிறைக்குப் போனார். விமானியும் வால் துப்பாக்கி வீரரும் விமானத்தோடு போய்விட்டார்கள். பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் போருக்குப் பிறகுதான் வந்தது. நடந்ததைச் சொல்ல, சிறையிலிருந்து மற்ற நால்வர் திரும்பிவர வேண்டியிருந்தது.

டர்பைன்

நியூரம்பெர்க் இரவில் சிரில் பார்ட்டன் என்ற விமானியின் கதை எனக்கு இதைவிட நெருடல். தாக்குதலில் உள்தொடர்பு அறுந்து, விளக்குச் சமிக்ஞையைத் தவறாகப் புரிந்துகொண்டு நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் இயக்குபவர் மூவரும் குதித்துவிட்டார்கள். வழி சொல்ல ஆளே இல்லை. அவர் இலக்குக்கும் போய், பாதி ஊகத்தில் இங்கிலாந்துக்கும் திரும்பினார். கரையை எட்டும்போது பெட்ரோல் தீர்ந்தது. ரைஹோப் சுரங்க ஊரில் வீடுகளைத் தவிர்த்து மோதினார். அவர் இறந்தார், உடனிருந்த மூவர் பிழைத்தார்கள். தவறாகக் குதித்த மூவரும் சிறையில் உயிரோடு இருந்தார்கள்.

மாலைத்தென்றல்

வால் துப்பாக்கி வீரரின் பாராசூட் கூண்டுக்குள் இருக்காதாமே? உண்மையா?

பழைய வரைபடம்

உண்மைதான். கூண்டில் இடம் இல்லை. பின்னால் கதவைத் திறந்து, விமான உடற்பகுதியின் சுவரில் மாட்டியிருப்பதை எடுத்து, மார்பில் கொக்கி போட்டுக்கொண்டு குதிக்க வேண்டும். 1944 மார்ச் 24 இரவு பெர்லின் தாக்குதலிலிருந்து திரும்பும்போது நிக்கோலஸ் அல்க்மேட் கதவைத் திறந்தபோது பாராசூட் எரிந்துகொண்டிருந்தது. எரிந்து சாவதைவிட விழுந்து சாகலாம் என்று 18,000 அடியிலிருந்து அப்படியே குதித்தார். பைன் மரக்கிளைகளும் பனியும் தாங்கின. கால் சுளுக்கோடு கண் விழித்தார். பாராசூட் எங்கே என்று கேட்ட ஜெர்மானியர்கள் அவரை ஒற்றன் என்றே நினைத்தார்கள். விமானத்தின் சிதைவைத் தேடிப் பார்த்தபிறகுதான் நம்பினார்கள்.

கிள்ளான் மணி

பாக்கி வைத்த கதைக்கு வருகிறேன். நெய்தல் கேட்ட "கீழே இருந்தவர்கள்" எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

என் தாத்தா ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தோட்டப் பாட்டாளி. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் காட்டிலேயே போனார்கள். 1944 கடைசியிலிருந்து அந்தப் பாதையின் பாலங்களை நேச நாட்டு விமானங்கள் குறிவைத்தன. வங்காளத்திலிருந்து வந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அவற்றில் முக்கியமானவை. பாலத்துக்குப் பக்கத்திலேயே போர்க் கைதிகளின் முகாம். குண்டு தவறி அங்கேயும் விழுந்து சொந்தப் படையினரே இறந்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் ஜப்பான்காரன் முதலில் பதுங்குவான், நாங்கள் வெட்டவெளியில் நிற்போம் என்று தாத்தா சொல்வார். குண்டு போட்டவன் மேல் கோபம் இல்லையா என்று சின்ன வயதில் கேட்டேன். "அவன் வந்தால்தானே இவன் போவான்" என்றார். அதே மூச்சில், பாலத்துக்குப் பக்கத்தில் செத்த ஓர் ஆளின் பேரையும் சொன்னார்.

அந்த லிபரேட்டர் குழுக்களின் வாழ்க்கை ஐரோப்பாவில் பறந்தவர்களைப் போன்றது அன்று. பீரங்கியும் வேட்டை விமானமும் குறைவு. தூரமும் பருவமழை மேகமும்தான் எதிரி. 1944 அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தில் கடற்கண்ணி போடப் போனவர்கள் போகவர 3,000 மைலுக்கு மேல் பறந்தார்கள். வழியில் என்ஜின் கெட்டால் கீழே வங்காள விரிகுடா. தேட வருவார்கள் என்ற நம்பிக்கையும் குறைவு.

நெய்தல்

மணி அண்ணே, உங்கள் தாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. ஹாம்பர்க் பற்றி நான் எழுதியதையும் திரும்பப் பெறவில்லை.

மட்டுறுத்துநர்

கிழக்குப் போர்முனை லிபரேட்டர்களுக்குத் தனி இழை தேவை என்று தோன்றுகிறது. இலங்கையின் மின்னேரியா, சீனக்குடா தளங்களைப் பற்றியும் அங்கே எழுதலாம். 1944 ஆகஸ்டில் சீனக்குடாவிலிருந்து சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளுக்குக் கிளம்பிய 54 அமெரிக்க பி-29 விமானங்களைப் பற்றித் திருகோணமலை நண்பர்கள் எழுதினால் நல்லது. இந்த இழை திறந்தே இருக்கும்.

வடமராட்சியான் (டொராண்டோ)

தாமதமாக வருகிறேன். இன்றும் பறக்கும் நிலையில் உள்ள லங்காஸ்டர்கள் உலகில் இரண்டே. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையிடம். மற்றது இங்கே ஹமில்டன் அருங்காட்சியகத்தில். இங்குள்ளதை ஆண்ட்ரூ மினார்ஸ்கியின் நினைவாக அர்ப்பணித்திருக்கிறார்கள். 1944 ஜூனில் எரியும் விமானத்தில், கூண்டுக்குள் சிக்கிய வால் துப்பாக்கி வீரரை மீட்கப் போராடி, தன் உடையே எரிய, கடைசியில் அவருக்கு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தவர் மினார்ஸ்கி. அவர் இறந்தார். சிக்கியவர் விமானம் தரையில் மோதியபோது தூக்கி எறியப்பட்டுப் பிழைத்து, இந்தக் கதையைச் சொன்னார்.

கோடையில் மச்சானோடு அங்கே போவதாக இருக்கிறேன். உள்ளே விடுவார்களா என்று கேட்க வேண்டும். ஏதாவது பார்த்துவரச் சொன்னால் பார்க்கிறேன்.

டர்பைன்

கட்டாயம் கேளுங்கள் தம்பி. விமானத்தின் குறுக்கே ஓடும் பெரிய சிறகு உத்திரத்தைத் தாண்டித்தான் பின்பகுதிக்குப் போக வேண்டும். குளிர் உடையும் காலணியும் போட்டவன் அதன்மேல் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் மச்சானை வைத்துப் பாருங்கள். ஓர் அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். முன்பக்கத் தரைக் கதவின் அகலத்தை அளந்து இங்கே போடுங்கள்.

வடமராட்சியான்

மச்சான் கொஞ்சம் பெருத்த ஆள். நாடா எடுத்துப் போகிறேன்.